ஓர்ட்வின் சூடேற்றிய தேவாலயம்

எங்கள் ஊரில் சாகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஓர்ட்வின் லைபோல்டின் கைக்குத்தான் போயாக வேண்டும். கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிறவன் அவன். துரிங்கியக் காட்டில் எங்களுக்குக் கிடைப்பது கருநீலச் சிலேட்டுக் கல். மரமென்றால் இழைத்துவிடலாம், பெயின்ட் என்றால் துடைத்துவிடலாம். சிலேட்டில் உளி ஒரு இழை தவறினால் கல்லே போச்சு. ஓர்ட்வினுக்கு அந்த வேலைதான் வாய்த்தது. தப்பு செய்தால் திருத்த வழியில்லாத வேலை.

முப்பது வருஷமாகச் சீட்டாட்ட மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தவன். அதனால் அவனைப் பற்றிக் கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். குடித்தான். பெண்டாட்டி ரோஸ்விட்டா மகளைக் கூட்டிக்கொண்டு காசல் நகரத்துக்குப் போய்விட்டாள். அதன் பிறகு குடியை விட்டான். ரொம்பப் பேர் வரிசையை மாற்றிச் செய்வதுபோலத்தான் அவனும் செய்தான். குடியை விட்டதும் கை நடுக்கம் நின்றுவிட்டது. மண்டைதான் நிற்கவில்லை. உளியை வைப்பான், மனசு காசலுக்குப் போய்விடும். அப்படி ஒருநாள் மனசு போயிருந்த நேரத்தில் ஹெட்விக் அத்தையின் பிறந்த வருஷத்தில் இரண்டு எண்ணை இடம் மாற்றி வெட்டிவிட்டான்.

"செத்தவளைப் பதினெட்டு வருஷம் கிழவியாக்கிட்டியேடா. உயிரோட இருந்தா உன் காதைத் திருகியிருப்பா," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. சொந்தச் செலவில் வேறு கல் வாங்கி வெட்டிக் கொடுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் தேவாலயத்துக்கு ஊழியக்காரன் தேவைப்பட்டான். மணி அடிக்க, பனியைத் தள்ள, மெழுகுவத்தி மாற்ற, கதவு பூட்ட. சம்பளம் சொல்லும்படி இல்லை. ஆனால் கோபுரத்தின் அடித்தளத்து அறையைப் பட்டறையாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஓர்ட்வின் கல்லையும் உளியையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். அந்த அறைக்கு நேர் மேலே, மாடத்தில், குழல்களில் காற்றடித்து ஒலிக்கும் ஆர்கன் இருந்தது.

எங்கள் ஆர்கன் பழசு. பாஹ் என்ற இசைமேதை உயிரோடு இருந்த காலத்தில் செய்தது. எங்கள் ஊரையும் சேர்த்துச் சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் ஆர்கன் வாசிப்பவர் அல்முட் சைஃபார்த் என்ற அம்மா. ஐம்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே, ஒல்லி, எப்போதும் சைக்கிள். ஐந்து ஆர்கன்களிலும் எங்களுடையதுதான் அவருக்குப் பிடித்தது. அதனால் வார நாட்களில் தினமும் மதியம் வந்து பழகுவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிப்பது எங்களுக்குத் தெரிந்த பாட்டுகள்தான், பாடிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். வார நாட்களில் வாசித்தது வேறு சமாச்சாரம். முந்நூறு வருஷத்துக்கு முந்தின, ஆர்கன் கட்டைகளுக்கென்றே எழுதின இசை. அதையும் முழுசாக வாசிக்க மாட்டார். நாலு வரியை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் மென்றுகொண்டிருப்பார். இடது கை தனியாக, வலது கை தனியாக, கால் தனியாக.

வேறு எவனாக இருந்தாலும் ஓடிப்போயிருப்பான். ஓர்ட்வினுக்கு அதில் மருந்து கிடைத்தது.

ஆறு மாதமாக அவன் ஒரு கல்லைக்கூடக் கெடுக்கவில்லை. சீட்டாட்டத்தில் கேட்டேன். "என்னடா, திடீர்னு கை சுத்தமாயிடுச்சு?"

"கை இல்ல வீலண்ட், காது," என்றான். "அந்தம்மா வாசிக்கறதுல நாலு பேர் இருக்கானுங்க. ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். அவன் முடிக்கறதுக்குள்ள அடுத்தவன் அதையே கொஞ்சம் மேல எடுத்துச் சொல்லுவான். அப்புறம் மூணாவது ஆளு, நாலாவது ஆளு. நாலு பேரும் ஒரே நேரத்துல பேசறானுங்க, ஆனா ஒருத்தன் ஒருத்தனை மிதிக்கறதில்ல."

"நம்ம ஊர்க் கூட்டத்துக்கு அவனுங்களைக் கூட்டிட்டு வா."

"சிரிக்காத. அதைக் கேட்டுக்கிட்டே வெட்டினா என் மண்டைக்குள்ள கத்தற ஆளுங்க வாயை மூடிக்கறாங்க. அவ்வளவுதான் தெரியும்."

"ரேடியோல போட மாட்டானா இதை?"

"போடுவான். அது முடிஞ்சுபோன சரக்கு. இந்தம்மா தடுக்கி விழுந்து, எழுந்து, திரும்ப அதே இடத்துக்கு வராங்க பாரு, அது எனக்கு வேணும்."

எழுத்தே மாறியது அவனுக்கு. முன்பு அச்சடித்த மாதிரி வெட்டுவான். இப்போது ஒரு எழுத்தின் காலில் ஒரு வளைவு வைத்தால், அதே வளைவு அடுத்த வரியில் வேறொரு எழுத்தில் சின்னதாகத் தலைகாட்டும். கடைசி வரியில் தலைகீழாக இன்னொரு தரம் வரும். எனக்கு எதுவும் புரியாது. ஆனால் கல்லின் முன்னால் நின்றால் நகரத் தோன்றாது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இவ்வளவுக்கும் அந்த அம்மாவிடம் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பார்த்தால் வணக்கம், பனி விழுந்தால் பனியைப் பற்றி நாலு சொல்.

போன வருஷம் கோடையில் குர்ட் மோரிங்கின் அம்மா இறந்துபோனாள். குர்ட் பால் பண்ணைக்காரன், எங்கள் தேவாலயக் குழுவின் தலைவர். ஊரில் ஆள் கிடைக்காததால் நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். அம்மாவின் கல்லில் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஆறு வரி வேண்டும் என்றார் குர்ட். பெயரும் தேதியும் வெட்டவே கைவலிக்கும் கல்லில் ஆறு வரி! அதுவும் இறந்தோர் ஞாயிறுக்குள். நவம்பர் கடைசியில் வரும் அந்த ஞாயிறன்று, அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களைப் பலிபீடத்தின் முன் வாசிப்போம். அதற்குள் கல் நின்றாக வேண்டும், இல்லையென்றால் குடும்பத்துக்கு மரியாதைக் குறைச்சல்.

நவம்பர் ஆரம்பத்திலேயே குளிர் பிடித்துக்கொண்டது. ஓர்ட்வின் இரண்டு வரி முடித்திருந்தான். ஒருநாள் மதியம் சைஃபார்த் அம்மா சீக்கிரமே மாடத்தைவிட்டு இறங்கி வந்தார்.

"லைபோல்ட், இன்னையோட சரி. இனி வசந்தத்துலதான் பழக வருவேன்."

"ஏன்மா?"

"விரலைப் பாருங்க. மீன் கடை ஐஸ்ல கிடக்கற மாதிரி இருக்கு. வீட்டுல கிளாவிகார்ட்னு சின்னதா ஒரு கட்டை வாத்தியம் வெச்சிருக்கேன், அதுல பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் வரேன்."

"ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்கம்மா. குளிர் குறையும்னு ரேடியோவுல சொன்னான்."

"ரேடியோக்காரன் வந்து வாசிப்பானாமா?" என்று சிரித்தார். ஆனால் திங்கட்கிழமை ஒரு தரம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இசை இல்லாத இரண்டு நாளில் ஓர்ட்வின் மூன்றாவது வரியின் முதல் எழுத்தில் ஒரு கீறல் விழ வைத்தான். எப்படியோ அதை எழுத்துக்குள்ளேயே மறைத்துவிட்டான். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. குளிர்காலத்தில் தேவாலயத்தைச் சட்டென்று சூடாக்கக் கூடாது. சூட்டில் காற்று வறண்டுபோகும், ஆர்கனின் மரம் சுருங்கும், வெடிக்கும். அதனால் மணிக்கு ஒரு டிகிரி, அதற்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஆர்கன் செய்பவர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளைச் சூட்டுப் பெட்டியின் கதவில் ஒட்டியதே ஓர்ட்வின்தான். நாங்கள் கோட்டும் கம்பளியுமாக உட்கார்ந்துதான் ஜெபம் செய்வோம், குழந்தைகளும் அப்படித்தான் வளரும்.

திங்கட்கிழமை காலை அந்தக் கதவைத் திறந்து, சூட்டுத் திருகை ஒரே திருப்பாக ஆறு டிகிரியிலிருந்து பதினெட்டுக்குத் திருப்பினான்.

மதியம் சைஃபார்த் அம்மா வந்தார். தேவாலயம் வெதுவெதுப்பாக இருந்தது. திருவிழாக் காலம் வருகிறதே, குழு சூடேற்றச் சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். யாரையும் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் வாசித்தார். அவர் போனதும் ஓர்ட்வின் திருகைக் கீழே இறக்கினான். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். இரண்டு வாரம் அந்த ஆர்கனைக் காலையில் அடுப்பிலும் சாயங்காலம் பனியிலும் போட்டு எடுத்தான். அந்த இரண்டு வாரமும் அந்த அம்மா முன்னெப்போதும் இல்லாதபடி வாசித்தாராம். அவரே பின்னால் சொன்னார்.

கல் முடிந்தது. நிறுத்தினோம். குர்ட் மோரிங் மாடு கன்று போடுவதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி தின்கிற ஆள். அந்தக் கல்லின் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு வாய் கோணி அழுதார்.

"லைபோல்ட், இதுவரைக்கும் நீ வெட்டினதுல இதான்யா கல்லு," என்று அவன் கையைப் பிடித்தார்.

இறந்தோர் ஞாயிறு வந்தது. எங்கள் தேவாலயத்தில் போதகராக இருக்கும் அம்மா பெயர்களை வாசிக்கிறார், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி. "எல்ஃப்ரீடா மோரிங்" என்றதும் மேலே ஒரு குழல் தானாக ஊளையிட ஆரம்பித்தது. யாரும் கட்டையைத் தொடவில்லை. மெலிசாக, மூக்கால் அழுவதுபோல ஒரே சத்தம். போதகர் அம்மா நிறுத்தினார். சத்தம் நிற்கவில்லை. அதோடு இன்னொரு குழலும் சேர்ந்துகொண்டது.

எனக்குப் பின்னால் யாரோ, "கிழவிக்கு இன்னும் பேச்சு முடியல," என்றார்கள். இரண்டு மூன்று பேருக்குத் தோள் குலுங்கியது. குர்ட் திரும்பிப் பார்த்த பார்வையில் அது அடங்கியது. சைஃபார்த் அம்மா காற்று இயந்திரத்தை அணைத்தார். இரண்டு குழலும் முனகிக்கொண்டே இறங்கி ஓய்ந்தன. மீதிப் பெயர்களைச் சும்மா வாசித்தோம், பாட்டையும் ஆர்கன் இல்லாமல் ஆளுக்கொரு சுருதியில் பாடி முடித்தோம்.

ஓர்ட்வின் மணிக்கயிற்றுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாயன்று ஆர்கன் செய்பவர் வந்து பலகையைக் கழற்றிப் பார்த்தார். குழல்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் காற்றுப்பெட்டியில் நீளமாக மூன்று விரிசல். "எவனோ அடுப்பு மாதிரி எரிச்சிருக்கான்," என்றார். "ஒரு நாள்ல வந்த விரிசல் இல்ல இது." பிப்ரவரிக்கு முன் தன்னால் வர முடியாது, அதுவரை யாரும் வாசிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே குழு கூடியது. தேவாலயச் சாவிக்கொத்துகளில் இரண்டில்தான் சூட்டுப் பெட்டியின் சாவியும் உண்டு, ஒன்று ஓர்ட்வினிடம், இன்னொன்று சைஃபார்த் அம்மாவிடம். ஓர்ட்வின் வேலை செய்த கோபுர அறைக்குச் சூடே கிடையாது, அதனால் சூடேற்றி அவனுக்கு ஒரு லாபமும் இல்லை என்றே நினைத்தோம். எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்தோம். நானும்தான்.

"நான் திருகைத் தொடல," என்றார் அவர். "வெதுவெதுப்பா இருந்துச்சு. கேட்டிருக்கணும், கேட்கல. அது என் தப்பு. ஆனா நான் தொடல."

"அப்ப யாரு, எங்க அம்மாவா வந்து தொட்டா?" என்றார் குர்ட். "விரல் குளிருதுன்னு ஊர்ல பாதிப் பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன். குளிருச்சு, சொன்னேன்."

"முந்நூறு வருஷம் எத்தனையோ பேர் குளிர்ல வாசிச்சாங்க அம்மா."

சைஃபார்த் அம்மாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அடுத்த செவ்வாய் முடிவெடுப்போம் என்றார் குர்ட். சாவியை வாங்கிவிடுவது, மற்ற நாலு ஊர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுவது. சொல்லிவிட்டால் அவருக்கு எங்கேயும் ஆர்கன் கிடைக்காது, அது எல்லோருக்கும் தெரியும். ஓர்ட்வின் மூலை நாற்காலியில் மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் பாதையில் டிராக்டரால் பனி தள்ளிக்கொண்டிருந்தேன். ஓர்ட்வின் குர்ட் அம்மாவின் கல்லுக்கு முன்னால் தலையில் ஒன்றும் போடாமல் நின்றிருந்தான். இறங்கிப் போனேன். திரும்பிப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் சொன்னான். திருகு, இரண்டு வாரம், எல்லாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அந்தக் கல்லிலேயே மோதியிருப்பேன். "டேய் மடையா! அந்தம்மாவைத் திருடி மாதிரி நிக்க வெச்சோமே, உன் வாயில என்ன உருளைக்கிழங்கு உருண்டையா இருந்துச்சு?"

"வாயைத் திறந்தேன். வரல."

"இன்னைக்கே போய்ச் சொல்லு. சாவியைப் பிடுங்குவாங்க. அறை போகும். போகட்டும். உன்னைக் கழுவிலயா ஏத்தப்போறாங்க?"

"சாவி கிடக்கட்டும் வீலண்ட். நான் சொல்லிட்டா, அந்தம்மா இனி நான் இருக்கற பக்கம் வாசிப்பாங்களா?"

அதுதான் அவன் பயம். குடியை விட்டவனுக்கு மறுபடி நிற்க ஒரு இடம் கிடைத்திருந்தது. அந்த இடத்தைத் தன் வாயாலேயே இடித்துத் தள்ள வேண்டும். எனக்கு அது புரிந்தது, புரிந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

"சொல்லலேன்னா மட்டும் வாசிப்பாங்களா? சாவியே இருக்காதேடா அவங்ககிட்ட!"

கல்லைக் காட்டினான். "பாரு. மூணாவது வரியிலேர்ந்து எல்லாம் திருட்டு. நல்லாவும் இருக்கு."

அடுத்த செவ்வாய் கூட்டம். ஓர்ட்வின் சொல்வானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. சொல்லாவிட்டால் நானே சொல்லிவிடுவது என்று போய் உட்கார்ந்தேன். குர்ட் வாயைத் திறப்பதற்கு முன்பே ஓர்ட்வின் எழுந்து, தன் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"சூடேத்தினது நான். ரெண்டு வாரம். அந்தம்மாவுக்குத் தெரியாது."

குர்டின் கண் அந்தச் சாவியைவிட்டு நகரவில்லை. அவருக்கு அந்தக் கல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "சரி லைபோல்ட். இந்தம்மா விரலு குளிருதேன்னு பாவம் பார்த்துப் பண்ணிட்ட. அப்படித்தானே?" என்றார்.

நல்ல மனசோடு திறந்துவிட்ட கதவு அது. தலையாட்டியிருந்தால் பாதிப் பழி அங்கேயே கரைந்திருக்கும்.

"இல்ல குர்ட்," என்றான் ஓர்ட்வின். "அப்படித்தான் நானும் எனக்கே சொல்லிக்கிட்டேன். அவங்க விரலைப் பத்தி நான் நினைக்கவே இல்ல. அவங்க வாசிச்சாத்தான் எனக்குக் கோடு நேரா வரும். எனக்காகப் பண்ணினேன்."

சைஃபார்த் அம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவனைப் பார்த்தார். அவன் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, அதை வைத்துக் கல் வெட்டியது, எதுவும் அதுவரை அவருக்குத் தெரியாது.

"நான் தப்புத் தப்பா வாசிச்சதையெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"ஆமாம்மா. அதைத்தான்."

"சரி. அது போகட்டும். காற்றுப்பெட்டிகூடப் போகட்டும், மரம்தானே. போன வாரம் நான் இங்க நின்னப்ப நீங்க அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்க லைபோல்ட். அதுக்கு என்ன சொல்றீங்க?"

ஓர்ட்வின் வாயைத் திறந்தான், மூடினான். அவர் காத்திருந்தார். பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவைச் சாத்தக்கூட இல்லை.

ஊழியக்காரன் வேலை போனது, அறையும் போனது. நானும் என் மச்சானும் டிராக்டரில் அவன் கற்களை ஏற்றி, அவன் வீட்டுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் இறக்கினோம். குர்ட் ஒருநாள் என்னை நிறுத்தி, "வீலண்ட், அந்தக் கல்லைப் பிடுங்கிடவா? பார்க்கறப்பெல்லாம் அந்த ஊளைதான் காதுல விழுது," என்றார். "உங்கம்மா என்னய்யா தப்பு பண்ணினா?" என்றேன். பிடுங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார்.

டிசம்பரில் போதகர் அம்மா இரக்கப்பட்டு ஒரு சின்ன இயந்திரத்தையும், அந்தக் காலத்து இசை பதிந்த நாலைந்து தட்டுகளையும் கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஓர்ட்வின் ஒன்றைப் போட்டான். பாதியிலேயே அணைத்தான்.

"நல்லா இல்லையா?" என்றார் அவர்.

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் வேண்டாம் போதகரம்மா," என்று எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. "இதென்னடா தவம்? அந்தம்மா சாவி அவங்ககிட்டயே இருக்கு. மத்த ஊர்ல வாசிச்சுக்கிட்டுதான் இருக்காங்க. நீ காதைப் பொத்திக்கிட்டா விரிசல் ஒட்டிக்குமா?" அவன் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு கல்தான் வெட்டினான். தப்பில்லை. ஆனால் சும்மா எழுத்துகள். முன்னால் நின்றால் நகர்ந்துவிடலாம். சாப்பாட்டு வேளைக்குப் போனால் பாதி கடித்து வைத்த ரொட்டி காய்ந்து கிடக்கும்.

பிப்ரவரியில் ஆர்கன் செய்பவர் வேனோடு வந்து இறங்கினார். அன்று காலை கொட்டகை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சைஃபார்த் அம்மா இறங்கக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"லைபோல்ட், குழலையெல்லாம் கழட்டிக் கீழ கொண்டுவரணும். ஆள் பத்தல."

ஓர்ட்வின் தூசித் துண்டால் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் வரலாமாம்மா?"

"வரலாமான்னு நான் சொல்ல வரல. ஆள் பத்தலன்னு சொல்ல வந்தேன்," என்றார். என்னைப் பார்த்து, "நீங்களும்தான்," என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

போனோம். மாடத்தில் முன்பலகை கழற்றியிருந்தது. உள்ளே குழல்கள் காடாக நின்றன. பென்சில் அளவு ஒன்று, பக்கத்திலேயே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரக்குழல். ஆர்கன் செய்பவர் கையுறையைக் கொடுத்துக்கொண்டே ஓர்ட்வினைக் காட்டி, "இவர் யாரு, புது ஊழியக்காரரா?" என்றார்.

"இல்ல," என்றார் சைஃபார்த் அம்மா. "இதை உடைச்சவரு."

ஓர்ட்வின் தலையை ஆட்டினான். ஆர்கன் செய்பவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப பெரிய குழலையெல்லாம் இவர் தூக்கட்டும்," என்றார்.

பதினோரு குழல்களை, ஒவ்வொன்றாக, அந்தக் குறுகல் படிக்கட்டில் ஓர்ட்வின் முதுகில் வைத்து இறக்கினான். ஒன்றுக்கும் என்னைக் கை கொடுக்க விடவில்லை. மத்தியானம் போதகர் அம்மா வீட்டிலிருந்து பட்டாணி சூப் வந்தது. அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.